ஆளுக்கு 30 பவுண்டு: அட்லாண்டிக் அடிமை வணிகத்தைக் கணக்கு வழக்காகப் பார்த்தால்

#1 கணக்கர்

வணக்கம் நண்பர்களே. அடிமை வணிகம் என்றதும் சாட்டை, சங்கிலி, ஈவிரக்கமில்லாத கப்பல் தலைவன் என்று பேசி முடித்துவிடுகிறோம். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் 350 வருடத்துக்கு மேல் ஒரு தொழில் ஓடுவதற்கு வெறும் கொடூரம் மட்டும் போதாது. முதல் போட ஆள் வேண்டும். சரக்கைக் கடனாகக் கொடுக்க ஆள் வேண்டும். காப்பீடு எழுத, உண்டியலை (பின்னொரு நாளில் பணம் தருவதாக எழுதிய சீட்டை) மாற்றித்தர, தவணை வசூலிக்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். அதனாலோ என்னவோ, மேசை முன்னால் உட்கார்ந்து இதைக் கணக்கெழுதியவர்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது.

முதலில் மொத்த அளவு. 1501 முதல் 1866 வரை நடந்த சுமார் 36,000 கப்பல் பயணங்களை ஆய்வாளர்கள் ஒரே தரவுத்தளத்தில் திரட்டியிருக்கிறார்கள். அதை வைத்துப் போட்ட மதிப்பீட்டின்படி ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். நடுவில் காணாமல் போன 18 லட்சமும் கடலில். ஊரில் பிடித்துக் கரை வரை நடத்திக்கொண்டு வருவதற்குள் செத்தவர்களும், கோட்டைக் கிடங்கில் அடைபட்டுச் செத்தவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் பெரும்பாலானோர் அமெரிக்கப் பருத்திக் காட்டுக்குப் போனார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம். ஜமைக்கா என்ற சின்னத் தீவுக்கு சுமார் 10 லட்சம். அங்கிருந்து வேறு இடங்களுக்குக் கொஞ்சம் பேரை மறுபடி விற்றிருக்கிறார்கள், சரி. ஆனாலும் 1834-இல் விடுதலை வந்தபோது ஜமைக்காவில் எண்ணப்பட்ட அடிமைகள் 3 லட்சத்துச் சொச்சம்தான். அமெரிக்காவில் அந்த 4 லட்சம் 1860-க்குள் 40 லட்சமாகப் பெருகியிருந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காரணம் கரும்பு. அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும். வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். அரைத்தூக்கத்தில் உருளைக்குள் கை போய்விட்டால் வெட்டி எடுப்பதற்கென்று பக்கத்திலேயே கத்தி வைத்திருப்பார்கள். ஒரு குழந்தை பிறந்து வேலைக்கு ஆகிற வயது வரை சோறு போடுவதைவிட, கப்பலில் வந்த வளர்ந்த ஆளை வாங்குவது லாபம் என்று தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியாக வந்துகொண்டிருந்த வரைக்கும் கப்பல்களும் வந்துகொண்டிருந்தன.

இனி முதல் போட்ட விதம். லிவர்பூலில் சில வியாபாரிகள் பங்கு போட்டுக் கப்பலைக் கட்டுவார்கள் அல்லது வாங்குவார்கள். துணி, துப்பாக்கி, பித்தளைப் பாத்திரம், சாராயம் எல்லாவற்றையும் கடனுக்கு எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போவார்கள். அங்கே ஆட்களை வாங்கி, கரீபியனில் விற்று, அதற்கு லண்டனில் மாற்றக்கூடிய உண்டியல்களை வாங்கி வருவார்கள். புறப்பட்டுத் திரும்ப ஒரு வருடம், ஒன்றரை வருடம். உண்டியலில் பணம் கைக்கு வர அதற்கு மேலும் ஒன்றிரண்டு வருடம். ஆக, எல்லாமே கடன் சங்கிலி. தோட்டக்காரன் கடனைக் கட்டவில்லையென்றால் அவன் நிலத்தையும் அடிமைகளையும் ஜப்தி செய்யலாம் என்று 1732-லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது. மனிதன் சரக்காக இருந்தது போதாதென்று அடமானப் பொருளாகவும் ஆனான்.

கணக்கு எப்படி வேலை செய்தது என்பதை ஒரே கப்பலை வைத்துச் சொல்கிறேன்.

1781 ஆகஸ்டில் ஜோங் என்ற கப்பல் இன்றைய கானா கடற்கரையிலிருந்து 442 பேரோடு புறப்பட்டது. அந்த அளவுள்ள கப்பலுக்கு இது மிக அதிகம். உரிமையாளர்கள் லிவர்பூல் வியாபாரிகள், தலைமை வில்லியம் கிரெக்சன். கப்பல் தலைவன் லூக் காலிங்வுட் அதுவரை கப்பல் மருத்துவன், தலைவனாக அவனுக்கு இதுதான் முதல் பயணம். நவம்பர் கடைசியில் ஜமைக்கா கண்ணில் பட்டது. அதை வேறு தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். அதற்குள் 60 பேருக்கு மேல் நோயில் செத்திருந்தார்கள், மற்றவர்களும் நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

காப்பீட்டு விதியில், நோயில் செத்தால் அது இயற்கை மரணம், நட்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சரக்கைக் கடலில் எறிந்தால் நட்டம் காப்பீட்டாளருக்கு. ஆளுக்கு 30 பவுண்டு.

தண்ணீர் போதாது என்று காரணம் சொன்னார்கள். நவம்பர் 29 அன்று பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரைக் கப்பல் அறைச் சன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். டிசம்பர் 1 அன்று ஆண்கள் 42 பேர். அடுத்த நாட்களில் இன்னும் 36 பேர். இவர்களைத் தவிர, தள்ளப்படுவதற்கு முன் 10 பேர் தாங்களாகவே குதித்துவிட்டார்கள். இதற்கிடையில் மழை பெய்தது, தண்ணீரும் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் தள்ளினார்கள். டிசம்பர் 22 அன்று ஜமைக்காவில் இறங்கியவர்கள் 208 பேர். கப்பலில் அப்போதும் 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது. 132 பேருக்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு முதலாளிகள் மனுப் போட்டார்கள், அது நீதிமன்றம் வரை போனது.

இது கோபத்திலோ வெறியிலோ நடந்த கொலை இல்லை. விதியைப் படித்து, எந்தப் பத்தியில் எழுதினால் பணம் வரும் என்று பார்த்துச் செய்த கொலை. இதைத்தான் பேச வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

#2 நெய்தல்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை ஐயா. ஒரே ஒரு கேள்வி. இது நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்றால், கொலை வழக்காக ஏன் ஆகவில்லை?

#3 கணக்கர்

காப்பீட்டாளர்கள் பணம் தர மறுத்தார்கள், அதனால்தான் நீதிமன்றத்துக்கே போனது. 1783 மார்ச்சில் முதல் விசாரணை. ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மே மாதம் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு முன்னால் மேல் விசாரணை நடந்தது. குதிரைகளைக் கடலில் தள்ளிய வழக்கு எப்படியோ, சட்டத்தின் பார்வையில் இதுவும் அப்படித்தான் என்று முதல் விசாரணையைப் பற்றி அவரே சொன்னார், மனதுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். மழைக்குப் பிறகும் ஆட்களைத் தள்ளியது இந்த விசாரணையில்தான் எடுபட்டது. அதனால் மறுவிசாரணைக்கு உத்தரவானது. அப்படி ஒரு மறுவிசாரணை நடந்ததற்குப் பதிவு இல்லை.

இந்தச் செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்ற அடிமை ஒழிப்பு ஆர்வலரிடம் கொண்டுபோனவர் ஒலாடா எக்வியானோ. அடிமையாக இருந்து, 1766-இல் 40 பவுண்டு கட்டித் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். ஷார்ப் கொலை வழக்குப் போட வைக்க எவ்வளவோ முயன்றார். ஒருவர் மேல்கூட வழக்கு வரவில்லை. காலிங்வுட் ஜமைக்காவில் இறங்கிய சில நாட்களிலேயே செத்துப்போனான், கப்பலின் நாட்பதிவேடு காணாமல் போனது.

1788-இல் ஒரு சட்டம் வந்தது. எத்தனை டன் கப்பலுக்கு எத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சாவு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாவிட்டால் கப்பல் தலைவனுக்கு 100 பவுண்டும் மருத்துவனுக்கு 50 பவுண்டும் ஊக்கத்தொகை. உயிரைக் காப்பாற்றுவதற்கும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி கணக்கில் ஒரு வரி சேர்ப்பதுதான்.

#4 தறிக்காரர்

கணக்கர் ஐயா, "துணி, துப்பாக்கி" என்று ஒரு வரியில் போய்விட்டீர்கள். அந்தத் துணி எங்கிருந்து போனது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தறி போட்ட குடும்பம். அதனால் இதைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் கொண்டுபோன சரக்கில் மதிப்பில் பாதிக்கு மேல் துணி. அதில் பெரும்பங்கு இந்தியத் துணி. குஜராத், வங்காளத்தோடு சோழமண்டலக் கரையும் சேர்த்தி. பழவேற்காடு, நாகப்பட்டினம், சென்னை, புதுச்சேரி வழியாகப் போனது. டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு ரகத்துக்கே கினி துணி என்று பெயர் வைத்திருந்தார்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற துணி என்று. புதுச்சேரிப் பக்கம் அவுரியில் முக்கி எடுத்த நீலத் துணி செனகலில் நாணயம் மாதிரி ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்துக்கு விலை பேசியது இந்த நீலத் துணி எத்தனை பீஸ் என்றுதான்.

வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்று நினைக்காதீர்கள். துணியைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். பிரான்சில் அதே நீலத்தில் போலித் துணி செய்து அனுப்பியபோது, சாயத்தின் வாசனை சரியில்லை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கஞ்சி போட்டு, கட்டையால் அடித்து மெருகேற்றிய துணியின் பளபளப்பு கைக்கே தெரியும். அது எங்கள் ஊர்க் கையின் வேலை.

இன்னொன்று. இங்கிலாந்தில் 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியை உள்நாட்டில் உடுத்தத் தடை செய்தார்கள், அங்கே நெசவாளர்களின் கலவரத்துக்குப் பயந்து. ஆனால் இறக்கி மறுபடி ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. ஆக, லண்டனில் உடுத்தக்கூடாத துணி ஆப்பிரிக்காவில் ஆள் வாங்கப் போனது.

இங்கே தறியில் உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும்? கம்பெனி துபாஷியிடம் (மொழிபெயர்ப்புத் தரகரிடம்) சொல்லும், துபாஷி வியாபாரியிடம் சொல்வார், வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு இத்தனை முழம், இந்த அகலம், இந்த நாளைக்குள் என்று சொல்வார். பஞ்சத்தில் நூல் விலை ஏறினாலும் அவன் அந்த விலைக்கே கொடுக்க வேண்டும். அவனும் கடனில்தான் கிடந்தான். அவன் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. ஆனால் அவன் நெய்த பீஸுக்கு மறுகரையில் ஒரு பெண்ணை எண்ணி எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்த பிறகு, எங்கள் தறியின் பெருமையை முன்போலப் பேச முடியவில்லை.

#5 பழைய பேப்பர்

தறிக்காரர் அண்ணன் சொன்னதோடு சோழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வைத்திருந்த அதே சோழி.

மாலத்தீவில் பொறுக்கிய சோழி இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வரும். அங்கிருந்து டச்சு, ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்களில் பாரம் கட்ட அடியில் கொட்டிக்கொண்டு ஐரோப்பா போகும். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம். ஏலத்தில் எடுப்பவர்கள் அடிமை வியாபாரிகள். பிறகு பீப்பாய்களில் அடைத்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக இன்றைய பெனின் நாட்டில் இருக்கிற வைடா துறைமுகத்துக்கு. அங்கே அதுதான் காசு. 40 சோழி ஒரு சரம், 5 சரம் சேர்ந்தால் 200, அப்படி 20 சேர்ந்தால் 4,000, அது ஒரு பெரிய கட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 1000 கோடி சோழி அந்தக் கரைக்குப் போயிருக்கிறது.

பொருளாதாரமாக இதைப் பாருங்கள். துறைமுகத்தை விட்டு உழைக்கிற வயதில் இருக்கிற மனிதர்கள் வெளியே போகிறார்கள், உள்ளே வருவது ஓடு. ஓடு பெருகப் பெருக அதன் மதிப்பு குறைந்தது. பின்னால் ஐரோப்பியர்கள் அந்த நாடுகளைப் பிடித்து, தங்கள் நாணயத்தில்தான் வரி கட்ட வேண்டும் என்றபோது, வீட்டில் பானை பானையாகச் சோழி வைத்திருந்தவர்களின் சேமிப்பு ஒன்றுமில்லாமல் போனது. பாட்டன் காலத்தில் ஆட்களைக் கொடுத்து வாங்கிய காசு, பேரன் காலத்தில் செல்லாக்காசு.

#6 எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விற்றவர்கள் யார்? ஆப்பிரிக்க அரசர்களும் வியாபாரிகளும்தானே? அரபு நாடுகளுக்குப் போன அடிமைகள் வேறு இருக்கிறார்கள். எல்லாப் பழியையும் ஐரோப்பியன் தலையில் கட்டுவது நியாயமா?

#7 நெய்தல்

கேட்க வேண்டிய கேள்விதான் சகோ. விற்றவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை. இன்றைய பெனின் பகுதியில் இருந்த தஹோமி அரசு 1727-இல் வைடாவைப் பிடித்ததற்குக் கடல் வணிகமும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் "ஆப்பிரிக்கர்கள் ஆப்பிரிக்கர்களை விற்றார்கள்" என்று சொல்லும்போது, ஒருவரை ஒருவர் அந்நியராகவும் பகைவராகவும் பார்த்த நூற்றுக்கணக்கான மக்களை ஒரே மக்களாக்கிவிடுகிறோம். சேரனும் பாண்டியனும் சண்டை போட்டதை "இந்தியர் இந்தியரை" என்று சொல்வோமா?

அப்புறம், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ கிறிஸ்தவராக மாறியவர், போர்ச்சுகலுக்கு நண்பர். 1526-இல் போர்ச்சுகல் அரசருக்குக் கடிதம் எழுதுகிறார். உங்கள் வியாபாரிகள் எங்கள் மக்களை நாள்தோறும் பிடித்துப் போகிறார்கள், பிரபுக்களின் பிள்ளைகளை, என் உறவினர்களைக்கூட விடவில்லை, நாடே காலியாகிறது என்று. அவருக்கு என்ன உதவி கிடைத்தது என்பதற்கு காங்கோவை ஒட்டிய அங்கோலாக் கரையின் அடுத்த 300 வருடமே பதில். மற்ற எந்தப் பகுதியைவிடவும் அதிகம் பேரை ஏற்றியது அந்தக் கரைதான்.

கடன் எப்படி ஊரைத் தின்றது என்பதற்கு இன்றைய நைஜீரியாவின் பழைய கலபார் நல்ல சாட்சி. கப்பல்காரன் சரக்கை உள்ளூர் வியாபாரிக்குக் கடனாகக் கொடுப்பான். பிணையாக வியாபாரி தன் மகனையோ மருமகனையோ கப்பலில் விட வேண்டும். சொன்ன நாளுக்குள் ஆட்களைக் கொண்டுவரவில்லையென்றால் பிணையாள் அடிமையாகக் கப்பலோடு போய்விடுவான். தன் பிள்ளையை மீட்க வேறு யார் பிள்ளையையாவது பிடித்துவர வேண்டும். இந்தப் பொறியில் சிக்கிய பிறகு நல்லவன், கெட்டவன் என்ற பேச்சுக்கே இடம் குறைவு.

1767-இல் அதே ஊரில் ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் ஒரு தரப்போடு சேர்ந்துகொண்டு, சமாதானம் பேசலாம் என்று மறுதரப்பைக் கப்பலுக்கு அழைத்து வெட்டிக் கொன்றார்கள். தப்பிய இரண்டு பேர், லிட்டில் எஃப்ரயிம், அன்கோனா என்ற ராபின் ஜான் குடும்பத்து இளவரசர்கள், தாங்களே அடிமைகளாக விற்கப்பட்டார்கள். டொமினிக்கா, வர்ஜீனியா என்று போய், கடைசியில் பிரிஸ்டல் வந்து சேர்ந்து, நீதிபதி மான்ஸ்ஃபீல்டுக்கு மனு எழுதினார்கள். எங்களைச் சட்டப்படி யாரும் வாங்கவில்லை, துரோகத்தால் பிடித்தார்கள் என்பது அவர்கள் வாதம். விடுதலை கிடைத்து 1774-இல் ஊர் திரும்பினார்கள். அவர்களும் அடிமை வணிகக் குடும்பத்தார்தான். இரண்டும் ஒரே மனிதர்களுக்குள் இருந்தது.

இன்னொரு விளைவு இன்று வரை தொடர்கிறது. நேதன் நன், லியோனார்டு வான்ட்செகோன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பு அதிகம் ஆள் பிடிக்கப்பட்ட இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் இன்றும் அண்டை வீட்டாரை, உறவினரை, உள்ளூர் நிர்வாகத்தைக் குறைவாகவே நம்புகிறார்கள் என்று அதில் கண்டார்கள். பெரும்பாலானவர்கள் போரில் பிடிபட்டவர்கள். ஆனால் தெரிந்தவர்களே ஏமாற்றி விற்றதும் நிறைய நடந்தது. யாரை நம்புவது என்ற அந்தப் பயம் பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போயிருக்கிறது.

#8 எதிர்க்கேள்வி

பிணையாள் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. என் அடுத்த கேள்வி கணக்கருக்கு. இந்தப் பணத்தில்தான் இங்கிலாந்தின் தொழிற்புரட்சி நடந்தது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

#9 போர்ட் லூயிஸ்

கணக்கர் வருவதற்குள் நடுவில் நான் கொஞ்சம். மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். இந்தியப் பெருங்கடலையும் மறக்க வேண்டாம்.

எங்கள் தீவுக்கு அடிமைகள் பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தார்கள். ஆனால் பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் வந்தார்கள். இங்கே வந்த தமிழர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள் என்று நினைப்பது சரியில்லை. அதற்கு நூறு வருடம் முன்பே கைவினைஞர்களும் வந்தார்கள், அடிமைகளும் வந்தார்கள். புதுச்சேரியில் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய செய்தி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்த கையோடு தஞ்சைச் சீமையில் பஞ்சம். ஆயிரக்கணக்கானவர்களைச் சல்லிசாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்கள். ஊரிலேயே ஓலை எழுதி ஆளை விற்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்ததால் டச்சுக்காரனுக்கு வேலை சுலபமாயிற்று. அதையும் நாம் ஒளிக்காமல் பேச வேண்டும்.

மொரீஷியஸில் அடிமை முறை முடிந்தது 1835 பிப்ரவரி 1. இன்றும் அன்றைக்கு விடுமுறை. முடிந்தபோது முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்துத்தான் இந்தியாவிலிருந்து கூலி ஆட்களை இறக்கினார்கள்.

#10 கணக்கர்

எதிர்க்கேள்வி சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். ட்ரினிடாட்டின் முதல் பிரதமராக ஆன எரிக் வில்லியம்ஸ் வரலாற்றாசிரியரும்கூட. அடிமை வணிக லாபம்தான் பிரிட்டனின் தொழில் வளர்ச்சிக்கு எரு என்று 1944-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் கப்பல் கப்பலாகக் கணக்குப் பார்த்து, சராசரி லாபம் நூற்றுக்கு எட்டு, பத்து சதவீதம்தான், அது மட்டும் ஒரு நாட்டை மாற்றப் போதாது என்றார்கள்.

என் கருத்து, கப்பல் லாபத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பதே தப்பான தணிக்கை. ஒரு குழுமத்தில் ஒரு துணை நிறுவனம் லாபம் குறைவாகக் காட்டினால் மொத்தக் குழுமமே சின்னது என்று எந்தத் தணிக்கையாளரும் எழுத மாட்டார். கப்பல் கட்டியவர், பர்மிங்காமில் துப்பாக்கி செய்தவர், சர்க்கரை சுத்திகரித்தவர், காப்பீடு எழுதியவர், உண்டியல் மாற்றிய வங்கிக்காரர் எல்லோரையும் சேர்க்க வேண்டும். லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை 2020-இல் இந்த வணிகத்தில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது சும்மா இல்லை. பருத்தியையும் சேருங்கள். 1850-களில் பிரிட்டன் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்க அடிமைகள் பறித்தது. தறிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஆலைத் துணிதான் இங்கே வந்து இறங்கி நம் தறிகளை நிறுத்தியது. தொழிற்புரட்சி அடிமைகளால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. நிலக்கரி, இயந்திரம், கூலி விலை எல்லாம் உண்டு. அடிமைகள் இல்லாமல் அதே வேகத்தில் வந்திருக்கும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போர்ட் லூயிஸ் நண்பர் இழப்பீட்டைத் தொட்டதால் மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடிமை முறையை ஒழித்த 1833 சட்டத்தின்படி பிரிட்டன் கொடுத்த இழப்பீடு 2 கோடி பவுண்டு. அரசின் ஒரு வருடச் செலவில் சுமார் 40 சதவீதம். வாங்கியவர்கள் அடிமை முதலாளிகள். சுமார் 8 லட்சம் அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. அதோடு, "பயிற்சிக் காலம்" என்ற பெயரில் 1838 வரை பெரும்பாலானவர்கள் பழைய முதலாளியிடமே கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. இந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் வேறு கடன்களோடு சேர்ந்து உருமாறி, 2015-இல்தான் முழுதாகத் தீர்ந்தது. அந்த அடிமைகளின் கொள்ளுப்பேரர்கள் கரீபியனிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்து கட்டிய வரியும் அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது.

பெரிய தொகை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 2,500-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல். அதே மனிதர் 1836 ஜனவரியில் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, என் கயானா தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் கிடைப்பார்களா என்று கேட்கிறார். 1838-இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 பேர் அங்கே போய் இறங்கினார்கள். ஒப்பந்த முறையையும் அடிமை முறையையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்தது, பிள்ளை பிறந்தால் அது முதலாளியின் சொத்து இல்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையைத் தீர்த்த முதலாளி ஒரே ஆள், தோட்டம் ஒரே தோட்டம்.

அதே 1833 சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு எழுதியிருந்தார்கள். இந்தியாவில் அதற்கான சட்டம் 1843-இல்தான் வந்தது.

ஹெய்ட்டி இதைவிட மோசம். 1791-இல் பிரெஞ்சு ஆட்சியில் கிளர்ந்தெழுந்து, சண்டை போட்டு, 1804-இல் விடுதலை அடைந்த அடிமைகளின் நாடு. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் கொடு, அப்போதுதான் உன்னை நாடாக ஏற்போம் என்றது. 1838-இல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். கட்ட வழியில்லாமல் பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்கிக் கட்டினார்கள். அந்தக் கடன் வாலெல்லாம் அறுந்தது 1947-இல். அந்தச் சொத்து என்று கேட்ட பட்டியலில் அவர்கள் உடம்பும் இருந்தது.

#11 தறிக்காரர்

ஹெய்ட்டியைப் பற்றி இவ்வளவு விவரம் இன்றுதான் படிக்கிறேன். கை நடுங்குகிறது ஐயா.

#12 நெய்தல்

எண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறோம், பெயர்களுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு தகவல் தேடி வந்தேன். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த 1807-க்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களை சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கும் ஹவானாவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே நீதிமன்ற எழுத்தர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள வடு எல்லாம் எழுதினார்கள். சுமார் 91,000 பேரின் பெயர்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, இது யொரூபாப் பெயர், இது மெண்டே பெயர் என்று அந்தந்த மொழிக்காரர்களே அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். வயதுப் பத்தியைப் பார்த்துக்கொண்டே போனால் எட்டு, ஒன்பது, ஏழு என்று வருகிறது. கடைசிக் காலத்தில் குழந்தைகளை ஏற்றுவது அதிகமாகிவிட்டது.

#13 எதிர்க்கேள்வி

இந்தத் தரவை எப்படித் தேடுவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

#14 கணக்கர்

நான் முதலில் சொன்ன கப்பல் பயணத் தரவுத்தளத்தில் கப்பல் பெயரையோ புறப்பட்ட துறைமுகத்தையோ ஆண்டையோ கொடுத்துத் தேடலாம், பயணம் பயணமாக வரும். ஏற்றிய எண்ணிக்கை, இறக்கிய எண்ணிக்கை இரண்டும் தனித்தனிப் பத்தி, முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இழப்பீடு வாங்கிய பிரிட்டிஷ் முதலாளிகளின் பட்டியலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தனியாக வைத்திருக்கிறது, தோட்டத்தின் பெயர் வரை கிடைக்கும். அதில் அடிமைகள் வெறும் எண்ணிக்கைதான். அவர்கள் பெயர் வேண்டுமென்றால் 1817 முதல் ஜமைக்கா போன்ற தீவுகளில் எடுத்த அடிமைப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும்.

தறிக்காரரே, பிரிட்டிஷ் சுங்கக் கணக்கில் ஆப்பிரிக்காவுக்கு எந்த ஆண்டு எந்த ரக இந்தியத் துணி எவ்வளவு போனது என்பது வருகிறது. ரகப் பெயர்களைப் பார்த்து இது எந்த ஊர் நெசவு என்று சொல்ல எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடலாமா?

#15 தறிக்காரர்

போடலாம் ஐயா. சலம்பூரி, நீளத்துணி, கினி மூன்றையும் முதலில் எடுப்போம். தனி இழை தொடங்குங்கள், வந்துவிடுகிறேன்.